காலிக் கடையில் கலைக்கூடம்: வாடகை இல்லையென்றால் செலவும் இல்லையா?

11 ஜனவரி 2025, வாசகர் கேள்வி

வடமேற்கு லண்டனில் எங்கள் வீட்டருகே உள்ள ஷாப்பிங் சென்டரில் பாதிக் கடைகள் ஷட்டர் இறக்கிக் கிடக்கின்றன. ஓவியமும் கைவேலையும் கற்றுக்கொடுக்கும் நாங்கள் ஐந்து பேர், கோடையில் ஒரு கடையை எடுத்து ஊர்மக்களுக்காகக் கண்காட்சியும் பட்டறையும் நடத்தலாமா என்று நிர்வாகத்திடம் கேட்டோம். வாடகையே வேண்டாம், 13 வாரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று மறுநாளே சொல்லிவிட்டார்கள். இவ்வளவு எளிதாகக் கொடுப்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. என் கணவரோ, வாடகை இல்லையென்றால் வேறென்ன செலவு, உடனே கையெழுத்துப் போடு என்கிறார். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

11 ஜனவரி, இரவு, பதில்

இன்னும் கையெழுத்துப் போடவேண்டாம். சாவி உங்கள் கைக்கு வரும் நாள்முதல் பிசினஸ் ரேட்ஸ், அதாவது கடைக் கட்டடத்துக்குக் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) வசூலிக்கும் வரி, யார் பெயரில் வரும் என்று கேளுங்கள். வாய்ப்பேச்சாக இல்லாமல் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள்.

12 ஜனவரி

நேற்று சொன்னதற்கான காரணம் இது. இங்கிலாந்தில் ஒரு கடை காலியானால் முதல் மூன்று மாதங்களுக்கு உரிமையாளர் ரேட்ஸ் கட்டவேண்டியதில்லை. அதன் பிறகு, 2008 ஏப்ரலில் வந்த மாற்றத்தின்படி, உள்ளே ஒருவரும் இல்லாவிட்டாலும் முழுத் தொகையையும் அவர் கட்டியாக வேண்டும். கடையின் ரேட்டபிள் வேல்யூ, அதாவது வரிக்காக மதிப்பிட்ட ஆண்டு வாடகை மதிப்பு, 30,000 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், 2024-25 ஆண்டின் சிறுவணிக விகிதமான பவுண்டுக்கு 49.9 பென்ஸ் கணக்கில் அது ஆண்டுக்கு 14,970 பவுண்டாகிறது. யாரும் வாடகைக்கு வராத கடைக்காக அவர் கட்டும் பணம் இது. பொதுப் பராமரிப்புக்கான சர்வீஸ் சார்ஜ் இதில் சேராது.

இப்போது நீங்கள் 13 வாரம் உள்ளே இருக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்தக் கால் ஆண்டுக்கான ரேட்ஸ் கடையில் இருப்பவர் என்ற முறையில் பெரும்பாலும் உங்கள் தலையில் விழும். மேற்படி கணக்கில் அது ஏறத்தாழ 3,740 பவுண்டு. நீங்கள் வெளியேறியதும் உரிமையாளருக்கு மூன்று மாத விலக்கு மறுபடி தொடங்குகிறது. அதாவது உங்களால் அவருக்கு அரை ஆண்டு ரேட்ஸ் மிச்சமாகிறது. மறுநாளே சம்மதித்ததன் ரகசியம் அநேகமாக இதுதான். அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. சட்டம் அனுமதித்ததையே செய்கிறார். ஆனால் நீங்கள் கையேந்தி நிற்கவில்லை, ஏழாயிரம் பவுண்டுக்கு மேல் பெறுமதியான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். வாடகையைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்கவேண்டாம். ரேட்ஸ், மின்சாரம், இன்சூரன்ஸ், வெளியேற்ற அறிவிப்பு ஆகிய நான்கையும் பற்றிப் பேசுங்கள்.

14 ஜனவரி

கீழே ஒரு நண்பர், விலக்கு திரும்பத் தொடங்கக் கடையில் ஆறு வாரம் ஆள் இருந்தால் போதும் என்று எழுதியிருக்கிறார். 2024 மார்ச் இறுதிவரை அப்படித்தான் இருந்தது. ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் அது 13 வாரமாகிவிட்டது. இந்தச் சகோதரிக்கு மானேஜர் சொன்ன கெடுவும் அதே 13 வாரம் என்பதைக் கவனியுங்கள். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு. அங்கிருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டாம்.

14 ஜனவரி, மாலை

இன்னொருவர், கடைகளுக்குத் தனித் தள்ளுபடி உண்டே என்று கேட்கிறார். உண்டு. பொதுமக்கள் வந்துபோகும் கடைகளுக்கும் கலைக்கூடங்களுக்கும் 2024-25 நிதியாண்டில் 75 சதவீதம், 2025-26 நிதியாண்டில் 40 சதவீதம். 2025 கோடையில் நடத்துவதால் உங்களுக்குப் பொருந்துவது 40. அதுவும் தானாக வராது. கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டு, கடை எடுப்பதற்கு முன்பே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

17 ஜனவரி

சாரிட்டியாக, அதாவது அறப்பணி அமைப்பாகப் பதிவு செய்துவிட்டால் 80 சதவீதக் கட்டாயத் தள்ளுபடி கிடைக்குமே என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். கிடைக்கும். மீதி 20-ஐயும் கவுன்சில் விரும்பினால் தள்ளிவிடலாம். ஆனால் ஒரு கோடைக்காகப் புதிதாகச் சாரிட்டி தொடங்குவது வீண் சுமை. சமூக நலனுக்காக நடத்தும் கம்யூனிட்டி இன்டரஸ்ட் கம்பெனி என்ற நிறுவன வடிவத்துக்கு அந்தக் கட்டாயத் தள்ளுபடி கிடையாது. கவுன்சில் மனம்வைத்தால்தான் உண்டு. உங்கள் பகுதியில் ஏற்கெனவே பதிவான ஒரு கலை அமைப்போ முதியோர் அமைப்போ இருந்தால், லைசென்ஸை, அதாவது கடையைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் அனுமதியை, அவர்கள் பெயரில் எடுத்து, நிகழ்ச்சியை இருவரும் சேர்ந்து நடத்துவதே நல்ல வழி. ஆனால் பெயரை மட்டும் இரவல் வாங்குவதற்கு நான் எதிரானவன், அதற்குச் சட்டக் காரணமும் உண்டு.

இந்த ரேட்ஸ் விவகாரத்தில் இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். நனீட்டன் பகுதியில் மாக்ரோ நிறுவனத்தின் மாபெரும் காலிக் கிடங்கில், மொத்தப் பரப்பில் 0.2 சதவீத இடத்தில் மட்டும் 16 பேலட் ஆவணப் பெட்டிகளைச் சில வாரம் வைத்திருந்தார்கள். அதுவும் பயன்பாடுதான் என்று 2012-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே மில்டன் கீன்ஸ் வழக்கில், காலிக் கட்டடங்களில் புளூடூத் கருவியை வைத்துவிட்டு 80 சதவீதத் தள்ளுபடி கேட்ட சாரிட்டிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. சாரிட்டித் தள்ளுபடி வேண்டுமானால் இடம் முழுவதுமோ பெரும்பகுதியோ அறப்பணிக்கு உண்மையாகவே பயன்படவேண்டும் என்றார்கள். ஆகவே சுவரில் நான்கு படம் மாட்டிப் பூட்டிவிட்டுப் போகும் கண்காட்சி, கலைக்கு மட்டுமல்ல, கணக்குக்கும் உதவாது. கதவு திறந்திருக்கவேண்டும், உள்ளே ஆள் இருக்கவேண்டும், யார் வந்தார்கள் என்ற பதிவேடும் இருக்கவேண்டும்.

19 ஜனவரி

பணத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். சரி, கதவைப் பற்றி எழுதுகிறேன்.

தென் லண்டனில் ஒரு சென்டரில், முன்பு செருப்புக்கடையாக இருந்த இடத்தில் நாங்கள் ஒரு வசந்தம் முழுவதும் கலைப் பட்டறை நடத்தினோம். வெளியே எழுத்துப் பலகையைக் கழற்றிவிட்டிருந்தாலும், வெயில் படாத இடத்தில் பழைய கடைப் பெயர் நிழலாகத் தெரியும். சுவர் முழுக்கப் பொருள் தொங்கவிடுவதற்காகப் பள்ளம் வெட்டிய பலகை. அதில் ஆணி அடிக்க முடியாது, ஆனால் கொக்கி வாங்கினால் ஐந்து நிமிடத்தில் ஐம்பது ஓவியங்களைத் தொங்கவிடலாம். பின்னால் சரக்கறை, கடையைவிடப் பெரியது, ஜன்னலே இல்லை.

நாங்கள் எதிர்பாராத ஒன்று, கலை பார்க்க வந்தவர்களைவிடச் செருப்பு வாங்க வந்தவர்கள் அதிகம் என்பது. கடை மூடிவிட்டதா, எங்கே மாற்றினார்கள், நான் போனமுறை வாங்கியதற்கு ரசீது இருக்கிறது என்று வருவார்கள். முதல் வாரத்தில் இது தொந்தரவாக இருந்தது. பிறகு ஒரு மூதாட்டி வந்தார். தம் மூன்று பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் பள்ளிக்கூடச் செருப்பு இந்தக் கடையில்தான் வாங்கியதாகச் சொல்லி, பாதம் அளக்கும் கருவி எந்த மூலையில் இருந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். எங்களில் ஒருவர் சுவர் ஒட்டும் வெள்ளைக் காகிதச் சுருளைத் தரையில் விரித்து, உங்கள் பாதத்தை வரையட்டுமா என்று கேட்டார். அவர் காலணியைக் கழற்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பென்சில் குதிகாலைச் சுற்றி வரும்போது கூச்சத்தில் சிரித்தார். வரைந்து முடித்த கோட்டுக்குள் தம் பிள்ளைகளின் பெயர்களையும் ஆண்டுகளையும் எழுதினார். அன்றிலிருந்து செருப்பு கேட்டு வந்த அனைவரிடமும் பாதத்தைக் கேட்டோம். நாங்கள் திட்டமிட்ட நீர்வண்ணக் கண்காட்சியைவிட அந்தக் காகிதச் சுருள் பல மடங்கு நீண்டது.

கலையரங்கின் கண்ணாடிக் கதவைத் தள்ளத் தயங்குகிறவர்கள் கடைக்குள் தயங்காமல் நுழைகிறார்கள். கடைக்குள் நுழைய யாருக்கும் காரணம் தேவையில்லை. இந்த ஒரு வசதிக்காகத்தான் இவ்வளவு ரேட்ஸ், லைசென்ஸ் தொல்லைகளையும் தாங்கலாம் என்கிறேன்.

20 ஜனவரி

திறந்திருக்கும் நேரத்தை அட்டையில் எழுதி ஒட்டுங்கள், எழுதியபடியே திறங்கள்.

23 ஜனவரி

நேரத்தைப் பற்றிய என் யோசனையை இன்னும் கொஞ்சம் திருத்திக்கொள்ள விரும்புகிறேன். தினமும் காலை முதல் மாலைவரை திறந்துவைப்பதே நல்லது என்று நான் வழக்கமாகச் சொல்வேன். சம்பளமில்லாத ஐந்து பேர் பதின்மூன்று வாரம் அப்படிச் செய்தால் நான்காவது வாரத்தில் ஒருவர் நோயில் விழுவார், ஏழாவதில் இருவர் பேசிக்கொள்ளமாட்டார்கள். வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள், பதினொன்று முதல் நான்கு மணிவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்நேரமும் இருவர் இருக்கவேண்டும், குழந்தைகள் வரும் இடத்தில் இது கட்டாயம். தனியாக ஒருவர் கடை பார்க்கும் நிலை வந்தால் அன்று மூடிவிடுங்கள்.

இதையும் சொல்லவேண்டும்: அந்த இரண்டு பேருக்கும் யாராவது ஊதியம் தரவேண்டும். கலைக்கு நிதி தரும் ஆர்ட்ஸ் கவுன்சில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால், வண்ணப் பெட்டிக்கு முன் அதை எழுதுங்கள். உரிமையாளருக்கு ஏழாயிரம் மிச்சம், நிர்வாகத்துக்கு நடமாட்டம், கவுன்சிலுக்கு நல்ல புகைப்படம் என்று எல்லோருக்கும் ஏதோ கிடைக்கும் ஏற்பாட்டில், கதவருகே நாள் முழுக்க நிற்பவருக்கு மட்டும் திருப்தியே கூலி என்பதை என்னால் ஏற்கமுடியவில்லை.

27 ஜனவரி

கடையைப் பார்க்கப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். சில விஷயங்களைக் கண்ணால் பாருங்கள். மின் மீட்டர் இருக்கிறதா, இயங்குகிறதா? கடை காலியானதும் இணைப்பைத் துண்டித்து மீட்டரையே எடுத்துப் போவதுண்டு. புது மீட்டர் வர வாரக்கணக்கில் ஆகலாம், உங்கள் 13 வாரம் அதில் கரையும். கழிப்பறைப் பக்கம் சாக்கடை நாற்றம் அடித்தால் பயப்படவேண்டாம். நெடுநாள் தண்ணீர் ஓடாததால் குழாய் வளைவில் தேங்கி நிற்கவேண்டிய நீர் வற்றி, காற்று மேலே வருகிறது. வாளித் தண்ணீர் ஊற்றினால் நின்றுவிடும். ஆனால் நெடுநாள் திறக்காத குழாய்களில் லீஜியனெல்லா கிருமி வளர்ந்திருக்கக்கூடும். நீரைச் சோதித்து, குழாய்களை முறையாக ஓடவிட்டுத் தரும் பொறுப்பு உரிமையாளருடையது என்று எழுதி வாங்குங்கள். மேற்கூரையில் நீர்க்கறை இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்டரின் சொந்த விதிகளையும் கேட்டு வாங்குங்கள். பொருள் இறக்குவது பெரும்பாலும் பின்பக்க லோடிங் பே வழியாக, கடைகள் திறக்குமுன். துளையிட, ஏணி போட முன்கூட்டியே எழுத்து அனுமதி. மாலை சென்டர் மூடியபின் நிகழ்ச்சி வைத்தால் காவலர் கூலி உங்கள் கணக்கில். பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் 50 இலட்சம் பவுண்டு அளவுக்காவது கேட்பார்கள். தொகையைக் கேட்டு மலைக்கவேண்டாம், சிறு குழுக்களுக்கு அதன் ஆண்டுக் கட்டணம் அவ்வளவு பெரிதல்ல.

திறப்புவிழாவில் மது விற்பதாக இருந்தால் கவுன்சிலுக்கு டெம்பரரி ஈவன்ட் நோட்டீஸ் என்ற தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்கவேண்டும். கட்டணம் 21 பவுண்டு, குறைந்தது பத்து வேலைநாள் முன்னதாக. தேநீரும் வடையும் என்றால் அது தேவையில்லை.

28 ஜனவரி

கடைக்கு கலைக்கூட அனுமதி வேண்டாமா என்று கேட்டவருக்கு: இங்கிலாந்தின் திட்ட விதிகளில் கடைகள் ஈ வகுப்பு. விற்பனைக்கல்லாத கலைப்பொருட்களைக் காட்சிக்கு வைப்பது எஃப்1 வகுப்பு. ஓவியங்களை விற்றால் நீங்கள் கடையே. விற்காவிட்டாலும் தற்காலிக மாற்றத்துக்குத் தனி அனுமதியின்றி இடம்தரும் விதி இருக்கிறது, கவுன்சிலுக்கு முன்கூட்டி அறிவித்தால் போதும். விலைச்சீட்டு ஒட்டுவது தாழ்வென்று நினைக்கவேண்டாம். அண்டை வீட்டுக்காரர் வரைந்த படத்தை 15 பவுண்டுக்கு வாங்கிப் போகிறவர் அதைத் தம் வீட்டில் மாட்டுவார்.

2 பிப்ரவரி

கோலம் போடும் பட்டறை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வையுங்கள், ஆனால் வாசலில் அரிசிமாவில் வேண்டாம். எங்கள் இடத்தில் அதைச் செய்தபோது காலையில் துப்புரவுப் பணியாளர் துடைத்துவிட்டார். அவர்மேல் தவறில்லை, மெருகிட்ட தரையில் மாவு கிடந்தால் வழுக்கும், விழுந்தவருக்கு இழப்பீடு யார் தருவது என்று நிர்வாகம் கேட்டது. பிறகு கடைக்குள்ளே கறுப்பு வண்ணம் அடித்த பலகைகளைத் தரையில் பரப்பி, சுண்ணாம்புக்கட்டியில் போட்டோம். புள்ளி வைத்துவிட்டு இடைவெளி விட்டால் குழந்தைகள் யாரும் சொல்லாமலே இணைக்கத் தொடங்குகிறார்கள். எங்கள் ஊர் சோமாலியச் சிறுமி ஒருத்தி ஏழு புள்ளிச் சிக்குக் கோலத்தை ஒரே கோட்டில் முடித்துவிட்டுத் தன் தாயை இழுத்துவந்து காட்டினாள்.

6 பிப்ரவரி

ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதும் நண்பர், அங்குள்ள நியூகாசில் நகரின் காலிக் கடைகளைக் கலைஞர்களுக்குத் திறந்துவிட்ட ரின்யூ நியூகாசில் முயற்சியைக் குறிப்பிட்டிருப்பது மிகப் பொருத்தம். அந்த நகரம் 1989-இல் நிலநடுக்கத்தைப் பார்த்தது, 1999-இல் பிஎச்பி எஃகு ஆலை மூடப்பட்டது, முக்கியக் கடைத்தெருவான ஹன்டர் ஸ்ட்ரீட் வெறிச்சோடியது. 2008-இல் மார்கஸ் வெஸ்ட்பரி தொடங்கிய அமைப்பு நீண்டகாலக் குத்தகையான லீஸ் கேட்கவில்லை. முப்பது நாள் அறிவிப்பில் திருப்பி எடுத்துக்கொள்ளக்கூடிய லைசென்ஸ் மட்டும் கேட்டது. எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கிடைக்கும் என்பதாலேயே உரிமையாளர்கள் கொடுத்தார்கள். டேவிட் ஜோன்ஸ் பல்பொருள் அங்காடி வெளியேறிய பெரிய கட்டடத்திலும் பின்னர் கைவினைக் கடைகள் வந்தன. 2011-க்குப் பார்க்கவேண்டிய பத்து நகரங்களில் ஒன்றாக அதை லோன்லி பிளானட் சேர்த்தது. 2019-இல் அந்த அமைப்பு மூடப்பட்டது.

முப்பது நாள் முறை நகை செய்பவருக்கும் தையல்காரருக்கும் பொருந்தும். சரக்கை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். பள்ளிக்கூடங்களுக்குத் தேதி கொடுத்துவிட்ட உங்களுக்கு அது போதாது. முதல் எட்டு வாரம் உறுதி, அதன்பின் 28 நாள் அறிவிப்பு என்று கேளுங்கள்.

13 பிப்ரவரி

எனக்கு இதில் மனச்சங்கடம் ஒன்று இருப்பதையும் எழுதியாகவேண்டும். பிரிக்ஸ்டனின் கிரான்வில் ஆர்கேட் சந்தையில் 2009-இல் காலிக் கடைகள் மூன்று மாதம் வாடகையின்றிப் புதியவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. இடம் உயிர்பெற்றது, உணவுக் கடைகள் வந்தன, கூட்டம் வந்தது. 2015-இல் அதே பிரிக்ஸ்டனில், வாடகை உயர்ந்து பழைய கடைக்காரர்களும் குடும்பங்களும் வெளியேற்றப்படுவதை எதிர்த்து மக்கள் தெருவில் கூடினார்கள். ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று சொல்லமாட்டேன். லண்டனில் வாடகை உயர ஆயிரம் காரணங்கள். ஆனால் இடிக்கப்படவோ விற்கப்படவோ போகும் வளாகத்துக்குக் கலைஞர்களை அழைத்துப் பளபளப்பு ஏற்றுவது நடக்கிறது. குரோய்டனில் 2013-இல் அறிவித்த பெரும் மறுகட்டுமானத் திட்டத்துக்காக விட்கிஃப்ட் சென்டர் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தது. அப்படிக் காத்திருக்கும் இடத்தில் குறுகியகால லைசென்ஸ் தாராளமாகக் கிடைக்கும், நீண்டகால லீஸ் கிடைக்காது.

பக்கத்துக் கடைக்காரரிடம் பேசுங்கள் என்பதே என்னிடம் உள்ள பதில். தையல் கடை வைத்திருப்பவர், கைபேசி பழுதுபார்ப்பவர், மளிகைக் கடைக்காரர் ஆகியோர் முழு வாடகை கட்டுகிறார்கள். உங்களுக்கு இலவசம் என்பது அவர்களுக்குத் தெரியும். வந்தவர்களை அவர்களிடம் அனுப்புங்கள், துணியையும் தேநீரையும் அங்கேயே வாங்குங்கள், அவர்கள் விற்கும் பொருளை நீங்கள் விற்காதீர்கள்.

14 பிப்ரவரி

ஓராண்டுக்கு மேல் காலியாகக் கிடக்கும் கடைகளைக் கவுன்சிலே ஏலம் விடலாமே என்று கேட்டவருக்கு: ஆம், 2024 டிசம்பர் முதல் இங்கிலாந்துக் கவுன்சில்களுக்கு அந்த அதிகாரம் உண்டு. இரண்டு ஆண்டில் 365 நாளுக்கு மேல் காலியாக இருந்த கடைகளுக்கு ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரையிலான குத்தகை. வாடகை கட்டும் வசதியுள்ள குழுக்களுக்கு அது நல்ல வாய்ப்பு.

22 பிப்ரவரி

நீங்கள் அனுப்பிய வரைவைப் படித்தேன். காலி நாள்களின் ரேட்ஸை உரிமையாளரே ஏற்பதாகவும், உங்கள் 13 வாரத்துக்குத் தள்ளுபடி போக மீதியைத் திருப்பித் தருவதாகவும் சம்மதித்திருப்பது பெரிய காரியம். மீட்டரும் வந்துவிட்டது. இன்னும் மூன்று இடங்களை மாற்றச் சொல்லுங்கள். ஐந்தாவது பிரிவில் ‘எவ்வித அறிவிப்புமின்றி’ என்றிருப்பதை 28 நாள் என்று திருத்தவேண்டும். பதினோராவது பிரிவு, வெளியேறும்போது கடையை ‘நல்ல நிலையில்’ ஒப்படைக்கவேண்டும் என்கிறது. பிய்ந்த தரைவிரிப்பும் நீர்க்கறையும் உள்ள கடையை நீங்கள் புதிதாக்கித் தரவேண்டும் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ‘எடுத்த நாளில் இருந்த நிலையில்’ என்று மாற்றி, தேதியிட்ட புகைப்படங்களை இணைத்து இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுங்கள். கடைசிப் பக்கத்தில், உள்ளே உருவாகும் படைப்புகளின் படங்களை நிர்வாகம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறது. குழந்தைகளின் படைப்புகளுக்கும் முகங்களுக்கும் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அது செல்லாது என்று சேர்க்கச் சொல்லுங்கள். இந்த மூன்றும் மாறினால் திங்கட்கிழமை கையெழுத்துப் போடலாம். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சரக்கறையை அளக்க இரண்டு பேர் வேண்டும்.